கையில் ஒரே ஒரு நாள்: மகாலா, மலைக்கோட்டையா, திருமயமா, அழகர்மலையா, சமணர்மலையா?

விடுமுறைக்கு மதுரை வரும் உறவுக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "மீனாட்சி அம்மன் கோயில் பார்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கையில் இருக்கு. பிள்ளைகளுக்குக் கோட்டை காட்டணும், கூடவே கதையும் இருக்கணும். எங்கே போகலாம்?" கேட்கும்போதே மனதில் மூன்று பெயர்களை வைத்திருப்பார்கள்: திருமலை நாயக்கர் மகால், திண்டுக்கல் மலைக்கோட்டை, திருமயம் கோட்டை. அதோடு அழகர்கோயிலையும் கீழக்குயில்குடி சமணர்மலையையும் நான் சேர்த்துக்கொள்வேன். அழகர்கோயிலைச் சுற்றிக் கோட்டை மதில் இன்றும் நிற்கிறது. சமணர்மலையில் மதில் ஏதும் கிடையாது. ஆனாலும் மதுரையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் கனமான ஒன்று அந்தப் பாறையோடு ஒட்டியது. அதை விட்டுவிட்டு இந்தப் பட்டியலைப் போட எனக்கு மனம் வரவில்லை.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் அத்தையையும் அக்கா பிள்ளைகளையும் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். மலையடிவாரத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. பாறை காலைச் சுட்டது. அத்தை பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். சின்னவன் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அழ ஆரம்பித்தான். மேலே போய் வேலு நாச்சியார் கதையை நான் சொன்னபோது கேட்கும் நிலையில் யாரும் இல்லை. இடத்தில் ஒரு குறையும் இல்லை. யாரோடு, எந்த நேரத்தில் போகிறோம் என்று நான் யோசிக்காததுதான் தவறு. அதன் பிறகு யார் கேட்டாலும் முதலில் சில விஷயங்களை விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

முதலாவது, கதை அங்கே எப்படி இருக்கிறது என்பது. சில இடங்களில் கதை கல்லில் இருக்கும், பார்த்தாலே போதும். சில இடங்களில் வழிபாட்டில் இருக்கும், அன்றாடம் நடந்துகொண்டிருக்கும். இன்னும் சில இடங்களில் யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. கூட வருபவர்களில் ஒருவருக்காவது கதை தெரியவில்லை என்றால் அங்கே மதிலும் வெயிலும்தான் மிஞ்சும். இரண்டாவது, முழங்கால். மூன்றாவது, வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர முடியுமா என்பது. நான்காவது, நுழைவுச்சீட்டுக்கு வெளியே வரும் செலவு: வண்டி வாடகை, நடை சாத்திய கோயில் முன்னால் வீணாகும் மதியம், வழியில் கிடைக்காத சாப்பாடு. ஐந்தாவதை என் சொந்த விருப்பத்தில் சேர்க்கிறேன். கதையும் வரலாறும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே பிரிகின்றன என்று அந்த இடத்தில் நின்றே பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு அட்டவணை. தூரம் மதுரை நகரிலிருந்து, ஏறத்தாழ.

| இடம் | தூரம் | ஏற்றம் | தேவையான நேரம் | கதை எங்கே இருக்கிறது |
|---|---|---|---|---|
| திருமலை நாயக்கர் மகால் | ஊருக்குள் | இல்லை | 2 மணி நேரம் | சொல்பவர் வாயில் |
| திண்டுக்கல் மலைக்கோட்டை | 65 கி.மீ. | கடினம் | அரை நாளுக்கு மேல் | சொல்பவர் வாயில் |
| திருமயம் | 90 கி.மீ. | நடுத்தரம் | முழு நாள் | கல்லிலும் வழிபாட்டிலும் |
| அழகர்கோயில் | 21 கி.மீ. | கீழே இல்லை, மலைக்கு வண்டி | அரை நாள் | வழிபாட்டில் |
| சமணர்மலை | 15 கி.மீ.க்குள் | நடுத்தரம் | 3 மணி நேரம் | கல்லில் |

திருமலை நாயக்கர் மகால்

1636-இல் கட்டப்பட்ட அரண்மனை. இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையில் ஏறத்தாழ கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். இந்த விவரத்தை உள்ளே போகும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். பத்துத்தூண் சந்துக்கு நடத்திக் கூட்டிப்போய், துணிக்கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் அந்தப் பெரிய தூண்களைக் காட்டினால் அரண்மனை எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று அவர்களுக்கே பிடிபடும். அதற்குச் சீட்டும் கிடையாது.

கதைகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது திருடன் கதை. கூரையில் துளை போட்டு அரசரின் படுக்கை அறைக்குள் இறங்கி நகைகளை ஒருவன் கொண்டுபோய்விட்டான். நகையைத் திருப்பித் தந்தால் மானியம் தருவதாக நாயக்கர் அறிவித்தார். அவனும் வந்தான். சொன்ன சொல் தவறாமல் மானியத்தையும் கொடுத்து, செய்த குற்றத்துக்குத் தலையையும் எடுத்தாராம். இது நியாயமா என்று வீடு திரும்பும் வரை பேசிக்கொண்டே வருவார்கள். அப்புறம் முக்குறுணிப் பிள்ளையார். மகாலுக்குச் செங்கல் சுட மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் ஆனது என்றும், அங்கே தோண்டும்போதுதான் அந்தப் பெரிய பிள்ளையார் கிடைத்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். முதல் நாள் மீனாட்சி கோயிலில் அவரைப் பார்த்தவர்களுக்கு மகாலில் நிற்கும்போது அந்தக் கதை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

மகாலில் குறை என்றால், கதை சொல்ல யாரும் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்தில் தூண்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள். சுற்றியுள்ள தெருக்கள் குறுகலானவை, காரை நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். ஆட்டோவில் போவது நல்லது. சிலப்பதிகாரத்தை வைத்து நடக்கும் ஒலி-ஒளிக் காட்சிக்காகவே போவதாக இருந்தால், அன்று காட்சி உண்டா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தாலோ, இரவு ரயிலுக்கு முன் சில மணி நேரம் மட்டும் இருந்தாலோ, மழை நாளாக இருந்தாலோ இதை விடச் சரியான இடம் வேறில்லை.

திண்டுக்கல் மலைக்கோட்டை

ஐந்தில் கோட்டை என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தம் இதுதான். மரமில்லாத ஒற்றைப் பாறை, அதன் தலையைச் சுற்றி மதில். 1605-ஐ ஒட்டி முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கியது. 1755-இல் மைசூர்ப் படையின் தளபதியாக ஹைதர் அலி இங்கே வந்தார். 1790-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மேலே ஆயுதக்கிடங்கும் சிறை அறைகளும் மூர்த்தி இல்லாத ஒரு கோயிலும் இருக்கின்றன. அந்தக் கோயிலின் சாமிகளைக் கீழே ஊருக்குள் காளகத்தீசுவரர் கோயிலில் தரிசிக்கலாம். மேலே காலியான கருவறை, கீழே கூட்டத்தோடு பூசை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் மனதில் வெகுநாள் நிற்கும்.

இங்கே சொல்ல வேண்டிய கதை வேலு நாச்சியாருடையது. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் சிறுமியாக இருந்த மகளோடு தப்பி, விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் இந்தப் பக்கத்தில் தங்கினார். ஹைதர் அலியிடம் உருதுவில் பேசி உதவி கேட்டார் என்று சொல்வார்கள். 1780-இல் படையோடு போய்ச் சிவகங்கையை மீட்டார். எட்டு வருடக் காத்திருப்பு. மலை உச்சியில் நின்றுகொண்டு அந்த எட்டு வருடத்தைச் சொன்னால் கேட்பவர் தானாகவே தென்கிழக்கே சிவகங்கைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். கோபால் நாயக்கரை 1801-இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரம் என்ற பெயரோடு அவர் நினைவு ஒட்டியிருக்கிறது. பேகம்பூர் என்ற பெயர் இங்கே அடக்கமான ஹைதர் அலியின் தங்கையால் வந்தது.

வெயில்தான் இங்கே பெரிய செலவு. நிதானமாக ஏறினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் நிழல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிவிடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை இந்த இடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற மாதங்களில் வாசல் திறந்ததும் ஏறிவிட வேண்டும். ஆரப்பாளையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு, ரயிலும் உண்டு, அதனால் வண்டி வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கல்லூரி நண்பர்கள், ஏறினால்தான் போன மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள்: இவர்களுக்கு இதுதான்.

திருமயம்

1687-இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதில் இருந்தது, இப்போது நான்கு. உச்சியில் பீரங்கி, நடுவழியில் பாறையைக் குடைந்து ஏணி வைத்து ஏறும் சிவலிங்கக் குகை. பிள்ளைகளுக்கு அந்த ஏணி ஒன்றே போதும்.

ஊமையன் கோட்டை என்று இதைச் சொல்வார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார் என்பது கதை. அந்தக் காலத்தில் கோட்டை புதுக்கோட்டைத் தொண்டைமான் வசம் இருந்தது, தொண்டைமானோ ஆங்கிலேயரின் கூட்டாளி. எதிரியின் நண்பன் கோட்டையில் அவர் எப்படி ஒளிந்திருப்பார்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு ஏறச் சொல்லலாம். வரலாற்றுக்கும் கதைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தாலும், மக்கள் தங்கள் வீரனுக்கு ஒரு கோட்டையைக் கொடுக்க விரும்பியிருக்கிறார்கள் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

கோட்டையின் தெற்கு அடிவாரத்தில் ஒரே பாறையைக் குடைந்து பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்துக் கோயில். பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று, பள்ளிகொண்ட பெரிய உருவம். மது கைடபர் என்ற அரக்கர் வந்தபோது பெருமாளை எழுப்ப மனமில்லாத ஆதிசேஷன் தானே விஷத்தைக் கக்கி விரட்டிவிட்டு, கேட்காமல் செய்துவிட்டோமே என்று பயந்து சுருங்கியதாம். அந்தக் கதை முழுவதும் பாறையில் செதுக்கி இருக்கிறது. கதை தெரியாதவரும் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இரண்டு கோயிலாருக்கும் இடையே இருந்த வழக்கைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் தீர்த்துவைத்து நடுவே சுவர் எழுப்பச் செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கோயில் நடை மதியம் சாத்திவிடும், கோட்டையை முதலில் ஏறிவிட்டு வந்தால் பெருமாளைப் பார்க்க மாலை வரை காத்திருக்க வேண்டும். அதனால் முதலில் கோயில், பிறகு கோட்டை. கார் வாடகை ஐந்து இடங்களிலும் இதற்குத்தான் அதிகம். ஆனால் வழியில் பிள்ளையார்பட்டியும் பக்கத்தில் கானாடுகாத்தானும் இருப்பதால் ஒரு முழு நாளைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு அந்தப் பணம் வீணாகாது.

அழகர்கோயில்

மற்ற இடங்களில் கதையை நாம் சொல்ல வேண்டும். இங்கே கதை தினமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பு. பார்க்கச் சிலை இருக்காது, பூட்டிய பெரிய கதவுக்குத்தான் மாலை. மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்கள், அவர்களைக் கொன்று பதினெட்டுப் படிகளாகப் புதைத்தார்கள், அவர்களோடு கூட வந்த கருப்பசாமி அழகரின் அழகில் மயங்கி இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார். கதை இவ்வளவுதான். ஆனால் சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் போட்டுப்போகும் நகைகளின் கணக்கைக் கருப்பு முன்னால் வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் "வா, கருப்பு கோயில் படியில் சத்தியம் பண்ணு" என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்வார்கள், பொய் சொல்ல நினைத்தவன் அந்தப் பேச்சிலேயே பின்வாங்கிவிடுவான். அந்தக் கதவின் முன் நேர்ந்துவிட்ட அரிவாள்களைப் பார்த்து என் அக்கா மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்த மகாலிலும் அவள் அப்படிப் பிடிக்கவில்லை.

கோட்டை பார்க்க வந்தவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. உள்ளே இரணியன் கோட்டை, வெளியே அழகாபுரிக் கோட்டை என்று இரண்டு சுற்று மதில். வெளிக்கோட்டையின் சிதைந்த பகுதிகளில் நடந்தால் கோயிலுக்குள் ஒரு ஊரே இருந்தது போலத் தோன்றும். வசந்த மண்டபத்தின் கூரையில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்கள். மேலே பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுரகங்கையும் ராக்காயி அம்மனும். நூபுரகங்கைத் தண்ணீரில்தான் அழகருக்கு அபிஷேகம், வேறு தண்ணீர் பட்டால் உற்சவர் கறுத்துவிடுவார் என்பது நம்பிக்கை.

அழகர் தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்து, தாமதமாகிவிட்டது என்று கோபித்துத் திரும்பும் கதையை இங்கே வைத்தே பிரித்துக் காட்டலாம். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன் மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூருக்குப் போனார். இரண்டு விழாவையும் ஒன்றாக்கியது நாயக்கர். அண்ணன் ஏன் கல்யாணத்துக்குத் தாமதமாக வருகிறார் என்ற கதை, இரண்டு விழாக்களை ஒட்டிய தையல் மேல் போட்ட பூவேலை.

எச்சரிக்கைகள்: மதியம் நடை சாத்திவிடும். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், பையை மூடியே வைத்திருங்கள். சனி ஞாயிறு கூட்டம், ஆடியிலும் சித்திரையிலும் பெருங்கூட்டம். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால், அழகர்கோயில் தோசை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். பாட்டி முதல் பேரன் வரை கலந்து போகும் குடும்பம் என்றால் நான் யோசிக்காமல் சொல்வது இந்த இடத்தைத்தான்.

சமணர்மலை

யாரும் கேட்காமலே நான் பரிந்துரைக்கும் இடம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம். அங்கிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனையும் அதன் மேலே வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் உருவங்களும். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. நீண்ட காதோடு உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று ஊரார் நினைத்ததால் வந்த பெயர்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்குத் திருவிளையாடல் புராணம் ஒரு கதை சொல்கிறது. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிய யானை, பாம்பு, பசு மூன்றும்தான் சோமசுந்தரர் அருளால் கல்லாகி யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின. சமணர்மலை உச்சியில் நின்றால் நாகமலை பாம்பு போலவே நீண்டு கிடப்பதைக் காணலாம். அதோடு கூட வருவது கழுவேற்றக் கதை: திருஞானசம்பந்தரோடு வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்பது.

இப்போது பாறையைப் பாருங்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. இந்த உருவங்களும் கீழே உள்ள வட்டெழுத்துகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் செய்வித்தது என்று பெயரோடு எழுதியிருக்கிறது. அதாவது, சமணர் ஒழிந்தார்கள் என்று கதை சொல்லும் காலத்துக்கு இருநூறு வருடங்களுக்குப் பிறகும் இங்கே பள்ளி நடந்திருக்கிறது, மாணவர்கள் இருந்திருக்கிறார்கள், உருவம் செய்யப் பணம் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். புத்தகம் எதுவும் இல்லாமல், ஒரு சுனைக்கரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு இதைக் காட்ட முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, கேள்வி கேட்கிற பிள்ளை கூட இருந்தால் மற்ற நான்கையும் தள்ளிவைத்துவிட்டு இங்கே வாருங்கள்.

மேலே கடை கிடையாது. கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள். உருவங்களைத் தொட்டுத் தடவ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை ஆறரைக்கு ஏறினால் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம்.

இரண்டைச் சேர்க்கலாமா?

சமணர்மலையைக் காலையிலும் மகாலை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொண்டால் இரண்டும் தாராளமாக முடியும். அழகர்கோயிலோடு யானைமலை அடிவாரத்து நரசிங்கத்தைச் சேர்க்கலாம். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770-இல் குடைவித்த கோயில் அது. சமணர் ஏவியதாகச் சொல்லப்படும் யானையின் காலடியிலேயே நரசிங்கர் இருக்கிறார். திண்டுக்கல்லோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள், இறங்கி வந்ததும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரயிலில் தூங்கத்தான் தோன்றும். திருமயத்துக்குப் போகிறவர்கள் விடியும் முன் கிளம்பிவிடுங்கள். கோட்டை மதிலில் இருக்கும் பைரவருக்குப் போகிற வண்டியெல்லாம் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும், உங்கள் ஓட்டுநரும் நிறுத்துவார். ஒரு தேங்காய் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.